நெட் ஓடும்போது போன் அடிக்குமா?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் போன் அடிக்கவே இல்லை.

நல்லதுதானே, நிம்மதியாக உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருப்பீர்களே என்று கேட்கத் தோன்றும். உங்கள் வீட்டில் அது நிம்மதியாக இருக்கலாம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுப் போன் அடிக்காமல் கிடந்தால்... வெயில்கூட வேறு நிறமாகத் தெரியும்.

காரணம் இருக்கிறது. ஆவூருக்குப் பக்கத்தில், தைலமரக் காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிற தெரு எங்களுடையது. போன் உள்ள வீடு இங்கே ஒன்றே ஒன்று. மற்றவர்கள் போன் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். செல்போன்? கண்மாய்க் கரையில் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும். கையை இறக்கினால் அதுவும் போய்விடும். ஆகவே, என் நம்பர்தான் தெருவின் நம்பர். கல்யாணப் பத்திரிகையில், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், விமானம் ஏறுகிறவர்களின் சட்டைப் பையில் – எங்கும் அதே எண், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. பக்கத்து வீட்டு போன் என்பது எங்கள் ஊர் சொல்லும் விளக்கம்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றுதான் எங்கள் தெரு ஆண்கள் அங்கே பூத்துகளில் வரிசை கட்டி நிற்பார்கள். முதல் அழைப்பு பேசுவதற்கில்லை. "அக்கா, எங்க வீட்டுல கூப்பிட்டு வைங்க, திரும்பப் பண்றேன்" – டொக். நான் வாசலில் நின்று குரல் கொடுப்பேன். சம்பந்தப்பட்டவள் ஈரக்கையோடு ஓடி வருவாள். அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் ரிசீவரை யாரும் தொடக் கூடாது. சும்மா எடுத்துப் பார்க்கிற அந்த நொடியில் அங்கே 'பிஸி' கேட்டுவிட்டால்? பின்னால் நிற்கிறவன் தோளைத் தட்டுவான். பிறகு அடுத்த வெள்ளிதான். இது யார் போட்ட சட்டம் என்று தெரியாது. ஆனால் கலெக்டர் உத்தரவைவிட எங்கள் தெருவில் இதற்கு மரியாதை அதிகம்.

இப்போது செல்வமேரி.

மூன்றாம் வீட்டுக்காரி. கணவன் அருளப்பன் குவைத்தில் வெல்டர். அந்த வாரத்தின் நடுவில் அவனோடு ரூமில் தங்கியிருக்கிற ஒருவன் பூத்திலிருந்து பேசினான். "அருளப்பனுக்கு வயித்துல ஆபரேஷன். பயப்பட ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை அவனே பேசுவான்னு தங்கச்சிகிட்ட சொல்லிருங்க." திரும்பக் கூப்பிட நம்பர் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

பயப்பட ஒண்ணுமில்ல... தமிழில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் ஒன்று இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

*

செல்வமேரியைப் போன் பக்கத்தில் உட்கார வைப்பதற்கு முன், என் வீட்டுக்குள் இன்டர்நெட் நுழைந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வயரில் தொங்குகிற கதைகள்.

நம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒருநாள் போன். "மேடம், இனிமே தபால் வேணாம். மெயில்ல அனுப்பிருங்க. வியாழக்கிழமைக்குள்ள வரலைன்னா அந்தப் பக்கத்துல விளம்பரம் போட்டுருவாங்க." மிக மென்மையான குரல். இரவெல்லாம் எனக்குக் கனவில் சோப்பு விளம்பரம்.

என் வீட்டுக்காரர் குளத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேசையில் மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார்.

"இது டயல்-அப். இருக்குற போன் லைன்லயே ஓடும். புதுக்கோட்டையில கடையில சிடி விக்கிது, வாங்கிப் போட்டா முடிஞ்சுது. இது பிராட்பேண்ட். அதே போன் வயருதான், ஆனா வேகம் ஜாஸ்தி. டவுனுக்கு வந்துருச்சு. இது கேபிள். டிவிக்குப் பக்கத்துலயே இன்னொரு வயரு."

"நெட் ஓடும்போது போன் அடிக்குமா?" என்றேன்.

அவர் டம்ளர்களைப் பார்த்தார். "வேகத்தைப் பத்தி நீ கேக்கவே இல்லையே?"

கவனித்துப் பார்த்தேன், யாருமே என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை மணி நேரப் பேக் வேணும்?" என்றார். தொலைபேசி லைன்மேன் அண்ணன், கம்பத்திலிருந்து இறங்காமலே, "பிராட்பேண்ட்னா ஒரு சின்ன டப்பா குடுப்பாங்க. பேச்சு ஒரு பக்கம், நெட்டு ஒரு பக்கம் பிரிஞ்சு போயிரும். போன் தாராளமா அடிக்கும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த வரியையும் அவரே சொன்னார். "ஆனா இங்கிட்டு வர நாளாகும்மா. எக்ஸ்சேஞ்சுலேருந்து ஒங்க வீடு ரொம்பத் தூரம். காத்தடிச்சா பேச்சே தைலமரத்துல மாட்டிக்கிது, நெட்டு எங்க வர்றது?"

கேபிள் குமார் வேறு ரகம். வேப்பமரம், மின்கம்பம், மாட்டுக்கொட்டகை என்று ஊரையே ஒரு கறுப்பு வயரால் தைத்து வைத்திருப்பவன். "அக்கா, நம்ம வயருக்கும் போனுக்கும் சம்பந்தமே கெடையாது. நீங்க பாட்டுக்கு நெட்டு பாருங்க, அது பாட்டுக்கு அடிக்கட்டும்."

"எப்பப் போடுவ?"

"மெயின் கனெக்‌ஷன் வரணும்க்கா."

"அது எப்ப வரும்?"

"நீங்க வேற. அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் சீரியல் ஓட்டிக்கிட்டு இருக்கேன்?"

ஆக, மூன்று டம்ளரில் இரண்டு காலி. டயல்-அப் வந்தது.

முதல் நாள் அது எழுப்பிய ஓசையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கீச்சென்று ஒரு கூவல், கரகரவென்று ஒரு கனைப்பு, பின் நெடுந்தூரத்தில் யாரோ மணலை வாரி வாரித் தகரத்தில் இறைப்பது போல... வாசலில் போய்க்கொண்டிருந்த செல்வமேரி உள்ளே ஓடி வந்துவிட்டாள். "யாருக்கா அழுவுறது?" என்றாள். அவள் பயந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. எங்கோ நாலு இடத்தில் கிளிக் செய்து அந்த ஓசையை அணைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மோடம் ஊமை.

அதோடு நின்றிருக்கலாம். நான் மெயில் பார்க்க மறந்துபோகிறேன் என்று, அந்த மெயில் புரோகிராமையே நேரத்துக்கு நேரம் தானாக டயல் செய்து பார்த்துக்கொள்ளும்படி மாற்றி வைத்தார். "இனிமே நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் பெருமையாக. "அதுவாப் பாத்துக்கும்."

*

வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் பள்ளிக்குப் போய்விட்டார். நான் காலையில் கொஞ்சம் டைப் செய்தேன். பிறகு மானிட்டர் பட்டனை அமுக்கினேன், திரை கறுத்தது. பூப்போட்ட துணியுறையை இழுத்து மூடினேன். மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டியைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை. துணி போட்டு மூடினால் கம்ப்யூட்டர் தூங்கும் – தையல் மெஷினைப் போல. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான். உங்கள் வீட்டிலும்தானே?

செல்வமேரி முறம், கூடை, ஒரு சாக்கு நிலக்கடலையோடு வந்தாள். விதைக்கு உடைக்க வேண்டுமாம். போனுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டாம் என்று கீழே உட்கார்ந்தாள். படக், படக் என்று கடலை உடைகிற ஓசை. பருப்பு முறத்துக்கு, தோல் கூடைக்கு.

"பேசுனா என்ன கேப்ப?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"நானெங்கக்கா கேக்குறது. அவருதான் கேப்பாரு. மழை பேஞ்சுச்சா, கடலை எப்பிடி, ஆத்தாவுக்கு மாத்திரை வாங்குனியா... சரி வச்சிர்றேன்பாரு. இன்னக்கி மட்டும் நான் கேக்கணும்."

"என்னன்னு?"

"எந்தப் பக்கம் வெட்டுனாங்கன்னு."

படக், படக்.

வழக்கமாக முதல் மணி அடிக்கிற நேரம் வந்தது. அடிக்கவில்லை. அந்த நேரமும் தாண்டியது.

"பூத்துல கூட்டமா இருக்கும்" என்றேன்.

"அவருதான் படுக்கையில இருக்காரே. பூத்துக்கு யாருக்கா தூக்கிட்டுப் போறது?"

ஆறுதல் சொல்லப்போய் அவளுக்குப் புதிய கவலை ஒன்றைக் கையில் கொடுத்திருந்தேன்.

வேலியோரம் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இருவரின் கணவன்மாரும் வளைகுடாவில்தான். "எங்களுக்கும் போன் வரலையாக்கா?" இல்லை என்றதும் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "ஒருத்தருமே பேசலைன்னா... அங்க என்னமோ நடந்துருக்குடி." டிவியில் எப்போதும் அந்தப் பக்கத்து வானத்தைத்தான் காட்டுகிறார்கள் – ஒரு வருஷம் புகை, ஒரு வருஷம் புழுதி. நான் டிவியைப் போட்டேன். சீரியல். சேனலை மாற்றினேன். நகைக்கடை. உலகத்தில் ஒன்றும் நடக்காதது போல உலகம் நடந்துகொண்டிருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, போன்ல உயிர் இருக்கான்னு எடுத்துப் பாக்கவா?" என்றாள் செல்வமேரி.

"தொடாத" என்றோம் மூன்று பேரும்.

"செத்துக் கெடந்துச்சுன்னா?"

"அந்த நேரம் பாத்து அவரு போட்டாருன்னா?"

அவள் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் கை அரித்தது. எத்தனையோ ஆண்களின் குரல் வந்து இறங்கிய கறுப்புக் கருவி அது. அன்றைக்கு ஓர் ஆமையைப் போலத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. எடுத்துக் காதில் வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நாங்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் – எங்களிடமிருந்து.

கடலை உடைகிற ஓசை நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இல்லை, நிற்கவில்லை. உடைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பருப்பு கூடைக்குள் போனது, தோல் முறத்தில் விழுந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. உதடு மட்டும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டார்.

"மத்தியானத்துலேருந்து யாருகிட்ட அப்பிடி என்ன பேச்சு? நானும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பூத்துலேருந்து போட்டுக்கிட்டே இருக்கேன், பிஸி, பிஸி, பிஸி..."

நாலு பேரும் அவரையே பார்த்தோம்.

"என்ன எல்லாரும் இப்பிடிப் பாக்குறீங்க?"

"நாங்க போனையே தொடலைங்க" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கணக்கில் தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்த முகம். ஒன்றும் சொல்லாமல் உள்ளறைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். பூப்போட்ட துணியை உருவினார். மானிட்டரை அமுக்கினார். திரை மெல்ல வெளிறி வந்தது. நடுவில் ஒரு நீலப் பட்டை, பாதி நிறைந்தும் பாதி நிறையாமலும்.

என் நாத்தனார் மகளுக்கு அதற்கு முந்தின வாரம் சென்னையில் நிச்சயதார்த்தம். அத்தனை போட்டோக்களையும் ஒரே மெயிலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மோடம் மத்தியானத்தில் தானாக எழுந்து, ஊமையாக டயல் செய்து, அந்தச் சம்பந்திகளை ஒவ்வொருவராகத் தைலமரக் காட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. துணிக்கு உள்ளே. சொன்னபடி, அதுவாகப் பார்த்துக்கொண்டது.

அவர் வயரைப் பிடுங்கினார். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. யார் படித்தது?

"இனிமே அடிக்குமா சார்?" என்றாள் செல்வமேரி.

"அடிக்கும்மா. இப்ப லைன் ப்ரீ."

"அவரு இனிமே போடுவாரா?"

அவர் கையிலிருந்த வயரைப் பார்த்தார். அங்கே அவனுக்கு யார் போன் கொடுத்தார்கள், எத்தனை முறை போட்டான், சலித்துப்போய் வைத்துவிட்டானா, போட முடிகிற நிலையில் இருக்கிறானா... போன் அடிக்காததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, சரி. அது ஒன்றுதான் காரணமா? அதுவரை இருந்த பயத்துக்கு உருவமில்லை. இப்போது உருவம் வந்துவிட்டது. என் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் கூடத்தில் வந்து அமர்ந்தோம். வேலியோரப் பெண்களும். விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அடித்தது.

செல்வமேரிதான் எடுத்தாள். நான் வழக்கமாக அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து பேசுகிறவர்கள் கடலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்துவார்கள். கூடம் முழுக்கக் கேட்டது.

"செல்வமேரி... ஆத்தாவுக்கு என்ன ஆச்சு?"

"ஆத்தாவா? நல்லாத்தாங்க இருக்கு. ஒங்களுக்கு..."

"மறைக்காத. பயலுக்கு ஏதுமா?"

"வெளையாடிக்கிட்டு இருக்கான். ஒங்களுக்கு எப்பிடி இருக்கு? எந்தப் பக்கம் வெட்டுனாங்க?"

"எனக்கென்ன, வயித்துல தையல் போட்டுப் படுக்க வச்சிருக்கான். நீ சொல்லு. சேக்காளி மொபைலக் கொண்டாந்து குடுத்தான், மத்தியானத்துலேருந்து போடுறேன், லைன் பிஸி. இம்புட்டு நேரம் பிஸின்னா... தெருவுல ஒரு சாவு விழுந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காகன்னு நெனச்சேன். யாருன்னு சொல்லிரு புள்ள. தாங்கிக்கிறேன்."

செல்வமேரி என்னைப் பார்த்தாள். நான் உள்ளறையைப் பார்த்தேன்.

"யாரும் சாகலைங்க. சார் வீட்டுக் கம்ப்யூட்டரு பேசிக்கிட்டு இருந்துச்சாம்."

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அதே கத்தல்.

"அது யாருகிட்ட பேசுது?"

"அக்காவோட நாத்தனார் வீட்டுல நிச்சயதார்த்தமாம்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். உடனே "ஆ..." என்றான். "சிரிக்க வைக்காத புள்ள, தையல் இழுக்குது." இவளும் சிரித்தாள், அதோடேயே தேம்பினாள். கையில் இன்னும் ஒரு கடலை இருந்தது. "வலிக்குதா?" என்றாள். "சிரிச்சாத்தான்" என்றான். "சரி, மழை பேஞ்சுச்சா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

*

அன்றிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு ஓய மாட்டேன் என்கிறது. இங்கே நாங்கள் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னென்னவோ செய்துகொண்டிருந்தோம். அங்கே அவன் பிஸி டோனைக் கேட்டுக்கொண்டு, தாயை, மகனை, எங்களை, ஒவ்வொருவராகச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இரு பக்கமும் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். நடுவில் ஒரு மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வயருக்குள் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இன்டர்நெட் விளம்பரம் வராத நாளில்லை. எல்லாவற்றிலும் வேகம், வேகம். மின்னலைப் போட்டிருக்கிறார்கள், சிறுத்தையைப் போட்டிருக்கிறார்கள். போன் அடிக்குமா என்பது மட்டும் எந்த மூலையிலும் இல்லை. அதைக் கேட்கிறவர்கள் விளம்பரம் எழுதுகிற ஊர்களில் இருக்க மாட்டார்களோ?

இந்த வாரம் கேபிள் குமார் மறுபடி வந்தான். மெயின் கனெக்‌ஷன் வரப்போகிறதாம். வயர் செல்வமேரி வீட்டு ஓட்டின் மேல் போகும் என்று அவளிடம் அனுமதி கேட்டான். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது ஓடும்போது போன் அடிக்குமாண்ணே?"

"தாராளமா அடிக்கும்."

"சத்தியமா?"

"அட, போனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அப்பிடித்தான் சொல்லுவீக. மொதல்ல சார் வீட்டுல போடுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன். பெறகு ஓட்டு மேல ஏறலாம்."

அவள் ஓட்டு மேல் அவன் ஏறுகிற வரைக்கும் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் மேசையில் நான்காவது டம்ளர் ஒன்றைக் கவிழ்த்தார். "இது பஸ்" என்றார். ஆகவே, இந்தப் பத்தியைப் பிளாப்பியில் போட்டு, பிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் புதுக்கோட்டைக்கு எடுத்துப்போகிறேன். அங்கே பிரவுசிங் சென்டரில் ஏற்றிவிட்டால், சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.

நாளை வெள்ளிக்கிழமை. தையல் பிரித்தாயிற்றா என்று அருளப்பன் சொல்வான். மோடத்தின் வயரைக் கழற்றிச் சுருட்டி, அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். இனி வேண்டுமானால், அது அதுவாகப் பார்த்துக்கொள்ளட்டும்.